பதினொன்று அடித்தாலும் கணக்குக்கு ஏழுதான்!

நான்காவது குழியில் மூன்றாவது பந்தும் தண்ணீருக்குள் விழுந்தது.

அடித்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். பந்து விழுந்த இடத்தில் வளையம் வளையமாக விரிந்த தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடது கை உறையைக் கழற்றி பேன்ட் பாக்கெட்டில் திணித்தார். கோல்ஃப் ஆடுபவர் கிரீனில் நின்று உறையைக் கழற்றினால் பந்தைக் குழிக்குள் உருட்டப்போகிறார் என்று அர்த்தம். நடு மைதானத்தில் கழற்றினால் வீட்டுக்குப் போகப்போகிறார் என்று அர்த்தம். பின்னால் பையைச் சுமந்துகொண்டு நின்றவருக்கு இது நன்றாகவே தெரியும். இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக அவர் பார்க்கிற காட்சி இது.

“சார், இன்னொரு பந்து எடுக்கட்டுமா?”

“வேணாம்ப்பா. போதும் இன்னைக்கு. கார்டைக் கிழிச்சுப் போட்டுடு.”

“இருங்க சார். இந்தக் குழியில நீங்க பதினொண்ணு அடிச்சாலும் கணக்குக்கு ஏழுதான் சார் போகும்.”

அதிகாரி திரும்பிப் பார்த்தார். மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். பாக்கெட்டிலிருந்து உறை மறுபடி வெளியே வந்தது. அடுத்த அடி கிரீனில் விழுந்தது. அங்கிருந்து மூன்று உருட்டு. அபராதங்களையும் சேர்த்துச் சரியாகப் பதினொன்று.

2025 ஜனவரியில், சென்னையில் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் நடந்தது இது. பை சுமந்தவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோல்ஃபில் அவர் செய்யும் வேலைக்குப் பெயர் ‘கேடி’. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, “மாப்பிள்ளை மெட்ராஸ்ல கேடியா இருக்காரு” என்று தரகர் வெள்ளந்தியாகச் சொல்லிவைக்க, பெண் வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லையாம். இன்றுவரை மனைவி அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

சொந்த ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போனவர்கள் எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்திருப்பார்கள். சாலையின் ஓரமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கட்டம் கட்டமாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளைக் குவியல்கள். காரை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவோம். காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊரும் அதுதான். அந்தக் கட்டங்களில் சிலவற்றில் அவருடைய அப்பா உழைத்தார். இப்போது அண்ணன் உழைக்கிறார். தம்பி மட்டும் பத்தொன்பது வயதில் பஸ் ஏறி சென்னைக்கு வந்து, தெரிந்தவர் ஒருவர் கைகாட்டியதால் இந்தப் பச்சைப் புல்வெளிக்குள் நுழைந்தார்.

நுழைந்த புதிதில் அவருக்குப் புரியாத சொல் ‘ஹேண்டிகேப்’. பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இருக்கைக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் வார்த்தை என்ற அளவில்தான் தெரியும். நல்ல திடகாத்திரமான ஆட்கள் ஒருவரையொருவர் “உங்க ஹேண்டிகேப் எவ்வளவு?” என்று விசாரித்துக்கொள்வதைக் கேட்டுக் குழம்பிப்போயிருக்கிறார். பிறகு ஒரு மூத்த கேடி ஒரே வாக்கியத்தில் விளக்கினாராம்: “சின்னப் புள்ளைங்க ஆட்டத்துல உப்புக்குச் சப்பாணி சேர்த்துப்போம்ல, அது மாதிரிடா.”

உப்பள வீட்டுப் பையனுக்கு அந்த உதாரணம் உடனே ஒட்டிக்கொண்டது. ஆனால், அது பாதி சரி, பாதி தப்பு என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளும் குழந்தைக்கு அவுட்டே கிடையாது. ஜெயித்தாலும் கணக்கில்லை, தோற்றாலும் கணக்கில்லை. ஹேண்டிகேப் அப்படியல்ல. பலவீனமான ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே இத்தனை அடி சலுகை என்று கொடுத்துவிட்டு, அதன் பிறகு கறாராகக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு அது. ஒரு மைதானத்தின் 18 குழிகளையும் ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் 72 அடிகளில் முடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் பார். ஹேண்டிகேப் 18 உள்ள ஒருவர் 90 அடித்தால், அது 72-க்குச் சமம். அப்பாவும் மகளும், மாமனாரும் மருமகனும், ஐம்பது வருடம் ஆடியவரும் போன வருடம் மட்டையைத் தொட்டவரும் ஒரே போட்டியில் நியாயமாக மோதிக்கொள்ள இது வழிசெய்கிறது. மற்ற விளையாட்டுகளில் இந்த வசதி அபூர்வம். கிரிக்கெட்டில் நமக்கு நாற்பது ரன் சலுகை கொடுத்துவிட்டு எதிரணி களம் இறங்குமா?

முன்பு நாட்டுக்கு நாடு வெவ்வேறு கணக்கு இருந்தது. உலகத்தில் ஆறு முறைகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. 2020-ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி உலக ஹேண்டிகேப் முறை வந்தது. இந்தியாவிலும் அதுதான் நடைமுறை. உங்களுடைய கடைசி 20 ஆட்டங்களை எடுத்துக்கொள்வார்கள். அதில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி போடுவார்கள். மிச்சம் பன்னிரண்டு ஆட்டங்கள் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். மைதானம் கடினமா, சுலபமா என்பதற்கும் ஒரு கழிவு உண்டு. அதற்குள் போனால் தலை சுற்றும், விட்டுவிடலாம்.

இந்த ‘சிறந்த எட்டு’ விஷயத்தில்தான் மனிதர்கள் கோட்டைவிடுகிறார்கள். தன் ஹேண்டிகேப் 18 என்றால், தன்னுடைய வழக்கமான ஆட்டம் 90 என்று ஒருவர் நினைத்துக்கொள்கிறார். அது தவறு. எட்டு நல்ல நாள்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்ட சராசரி அது. நல்ல நாளில் உங்களால் என்ன முடியும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. எல்லா நாளும் நீங்கள் எப்படி ஆடுவீர்கள் என்பதை அது சொல்லவில்லை. தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்றபடியோ அதைவிட மேலாகவோ ஒருவர் ஆடுவது நான்கைந்து ஆட்டத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். மற்ற நாள்களில் 93 வரும், 95 வரும், சில நாள் 100-ம் வரும். கணக்குப்படி அதெல்லாம் இயல்பு.

“ஆனா, அஞ்சுல நாலு நாளு இவங்க மூஞ்சி தொங்கிப்போயித்தான் திரும்புவாங்க. ‘இன்னைக்கு என்னமோ சரியில்லப்பா’னுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் அதே வார்த்தை. சரியில்லாத நாளுதான் சார் சாதாரண நாளு. அதைச் சொன்னா கோவிச்சுப்பாங்கன்னு நாங்க சொல்றதில்ல” என்கிறார் கேடி.

மோசமான நாளுக்காகவே அந்த முறையில் சில தடுப்புச் சுவர்கள் கட்டிவைத்திருக்கிறார்கள். வங்கி அதிகாரியை அன்று காப்பாற்றியது அதில் ஒன்று. ஹேண்டிகேப் கணக்கைப் பொறுத்தவரை எந்தக் குழியிலும் பாரைவிட இரண்டு, அதோடு உங்களுக்கு அந்தக் குழியில் உள்ள சலுகை, இவ்வளவுதான் அதிகபட்சம். நான்காவது குழியின் பார் 4. இரண்டைக் கூட்டினால் 6. அதிகாரியின் ஹேண்டிகேப் 18 என்பதால் குழிக்கு ஓர் அடி சலுகை. ஆக 7. நீங்கள் பதினொன்று அடியுங்கள், பதினைந்து அடியுங்கள், பதிவேட்டில் ஏறுவது ஏழு. போட்டியில் அடித்தது அடித்ததுதான், அது வேறு. ஆனால் உங்கள் தகுதியைக் குறிக்கும் அந்த எண்ணை ஒரு குழியால் நாசம் செய்துவிட முடியாது.

ஒரு குழி கெட்டால் மொத்த ஆட்டமும் கெட்டுவிடுகிறதே என்று நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர். காற்று பலமாக வீசும் கடலோர மைதானங்களில் ஆடியவர். இரண்டு குழி சொதப்பியதுமே ஆட்கள் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்புவதைப் பார்த்து, அவர் ஒரு புள்ளி முறையைக் கண்டுபிடித்தார். சலுகை போக பார் அடித்தால் 2 புள்ளி. ஒன்று கூடினால் 1 புள்ளி. ஒன்று குறைந்தால் 3. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். முதலில் 1898-ல் வேல்ஸில் சோதித்துப் பார்த்தார். பிறகு 1932 மே மாதம், இங்கிலாந்தில் வாலசி என்ற ஊரின் கிளப்பில் முறைப்படி ஒரு போட்டி நடந்தது. இன்று சென்னையிலும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ‘ஸ்டேபிள்ஃபோர்டு’ என்ற பெயர் சாதாரணமாகப் புழங்குகிறது. அந்த மருத்துவர் அதில் செய்ததெல்லாம் ஒன்றுதான். தோல்விக்குப் பூஜ்யத்தோடு ஒரு தரை போட்டார். அதற்குக் கீழே விழ முடியாது.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த மெத்தையில் விழுந்தவர் எல்லோரும் எழுந்து ஓடுவதில்லை. சிலர் அதிலேயே படுத்துவிடுகிறார்கள்.

பத்தாவது குழிக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடும் ஆட்கள் உண்டு. “இது எட்டுக்குள்ள வராது” என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஆட்டம் விட்டுப்போகிறது. போனை எடுப்பார்கள், அரட்டை அடிப்பார்கள், மட்டையை அலட்சியமாக வீசுவார்கள். எட்டு குழிகள் சும்மா கழியும். தூக்கி எறியப்படப் போகும் ஆட்டத்தில் எதற்கு உழைக்க வேண்டும் என்ற நினைப்பு. கிழியப்போகிற பரீட்சைத் தாளில் எவன் எழுதுவான்?

இன்னொரு வகை இன்னும் விவரமானவர்கள். எப்படியும் கெட்டுப்போன ஆட்டம்தானே, இன்னும் கொஞ்சம் கெடுத்தால் ஹேண்டிகேப் ஏறும், அடுத்த மாதப் போட்டியில் கூடுதல் சலுகை கிடைக்கும், கோப்பை வீட்டுக்கு வரும் என்று திட்டமிடுபவர்கள். இரண்டடி தூரத்திலிருந்து வேண்டுமென்றே பந்தைத் தவறவிடுவார்கள். ஹேண்டிகேப் குழுவுக்குத் தெரியாமல் போகலாம், பக்கத்தில் கொடி பிடித்து நிற்கும் கேடிக்குத் தெரியாமல் போகாது. அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அது அவர் பிழைப்பு. புதிய முறையில் இதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது. கடந்த ஒரு வருடத்தில் உங்களுடைய மிகக் குறைந்த ஹேண்டிகேப் 14 என்றால், நீங்கள் எவ்வளவு மோசமாக ஆடினாலும் அது 19-ஐத் தாண்டாது. மூன்றுக்கு மேல் ஏறத் தொடங்கியதுமே வேகம் பாதியாகிவிடும். ஏமாற்றுகிறவனைத் தடுக்கப் போட்ட அதே பூட்டு, நிஜமாகவே தடுமாறுகிறவனையும் ‘நீ இவ்வளவு மோசமில்லை’ என்று பிடித்து வைக்கிறது.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அடித்ததெல்லாம் கணக்கு. 2011-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஓப்பன் போட்டியில் கெவின் நா என்பவர், பார் 4 குழி ஒன்றில் புதருக்குள் மாட்டிக்கொண்டு 16 அடித்தார். ஒரே குழியில் பன்னிரண்டு அடி அதிகம். அன்று அவர் முடித்தது 80. அதாவது, மற்ற 17 குழிகளிலும் சேர்த்து அவர் பாரைவிட நான்கு குறைவாக ஆடியிருக்கிறார்! அந்தப் பதினாறை மட்டும்தான் உலகம் நினைவு வைத்திருக்கிறது.

அதே 2011-ல் இரண்டு அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள், தொழில்முறைப் போட்டிகளில் அடிக்கப்பட்ட 25 லட்சத்துக்கும் மேற்பட்ட உருட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை ஒன்று பிரபலம். ஒரே தூரம்தான். ஆனால், பாரைக் காப்பாற்றுவதற்கான உருட்டு, பாரைவிட ஒன்று குறைப்பதற்கான உருட்டைக் காட்டிலும் அதிகமாகக் குழிக்குள் விழுகிறது. கிடைக்கப்போவதைவிடக் கையிலிருந்து போகப்போவதில்தான் மனிதனுக்குக் கவனம் கூடுகிறது. டைகர் வுட்ஸுக்கே அப்படித்தான் என்றால் நம் வங்கி அதிகாரி எம்மாத்திரம்? எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து மனசு மாறுகிறது. பதினொன்று என்றால் வீட்டுக்குப் போகத் தோன்றியது. ஏழு என்றதும் கையுறை வெளியே வந்தது.

அன்று காலை பையைச் சுமந்துகொண்டு நடந்தபோது கேடியின் மனசில் இருந்தது வேறு கணக்கு. முந்தின நாள் இரவு அண்ணன் போன் செய்திருந்தார்.

“இந்த வருசம் நான் பாத்தி எடுக்கலடா. முடியல. விட்டுடலாம்னு இருக்கேன்.”

கடல் நீரின் அடர்த்தி மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அதை வெயிலில் விட்டு விட்டு, ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றி, பத்தில் ஒரு பங்காகச் சுண்டவைத்தால் 25 டிகிரி வரும். அங்கேதான் உப்பு கட்டத் தொடங்கும். ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் தண்ணீரின் நிறத்தையும் காலில் ஒட்டுகிற விதத்தையும் வைத்தே சொல்லிவிடுவார்கள். 30 டிகிரியை நெருங்கினால் கசப்பு ஏறிவிடும், அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஜனவரியில் பாத்தி சீரமைத்து, வெயில் ஏற ஏற உப்பு எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்குள் குவியல்களை ஓலை போட்டு மூடிவிட வேண்டும். இதுதான் ஒரு வருட ஆட்டம்.

இடையில் கோடை மழை பெய்தால் விவசாயி வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார். இருநூறு அடி தள்ளி உப்பளத்தில் நிற்பவர் தலையில் கை வைத்துக்கொள்வார். நாளைக்கு வாரலாம் என்று பூத்து நின்ற உப்பு, அரை மணி நேர மழையில் கரைந்து போயிருக்கும். 24 டிகிரி வந்த தண்ணீர் பத்துக்கு இறங்கியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. அந்த நாள்களுக்குக் கூலி கிடையாது. ‘சிறந்த எட்டு’ என்று பொறுக்கி எடுக்க யாரும் வர மாட்டார்கள். வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளும் கணக்கு உண்டு.

அதற்குமேல் புயல்கள். 2020 நவம்பரில் நிவர் இந்தப் பக்கம்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். கரை கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் பெய்தது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். மரக்காணத்தில் உப்பளம் எது, ஏரி எது என்று தெரியவில்லை. வரப்புகள் உடைந்து, பாத்திகளில் சேறு படிந்து கிடந்தது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையில்லாத மழைக்காலத்துக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. அது வந்தது, அரிசி பருப்புக்கு ஆனது. உடைந்த வரப்புக்கு ஆகவில்லை.

பத்துப் பதினைந்து வருடங்களாகத் தம்பி சம்பாதித்ததில் ஒரு பகுதி அந்தப் பாத்திக்குத்தான் போகிறது. வீட்டில் அதற்காகச் சண்டை வரும். மகன் டிப்ளமோ படிக்கிறான், கடைசி வருடக் கட்டணம் பாக்கி. “உங்க அண்ணன் உப்பைக் கரைக்கிறாரு, நீங்க காசைக் கரைக்கிறீங்க” என்பது மனைவியின் நிலையான வசனம். அண்ணனே விட்டுவிடுகிறேன் என்று சொல்லும்போது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால், அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா மிதித்த பாத்தி அது.

அதிகாரி அன்று 18 குழிகளையும் முடித்தார். கார்டில் 102. ஹேண்டிகேப் கணக்குக்கு 98. எட்டுக்குள் வரப்போவதில்லை. ஆனாலும் பதினேழாவது குழியில் பார் அடித்தார். திரும்பும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. டிப்ஸும் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தார்.

சாயங்காலம் கேடி அண்ணனுக்கு போன் போட்டார். பதினொன்று ஏழான கதையைச் சொன்னார். ஒரு குழி கெட்டதுக்காக ஆட்டத்தை விட்டுட்டுப் போகக் கூடாதுண்ணே என்றார். இருபது ஆட்டத்தில் எட்டைத்தான் எடுப்பார்கள் என்றார். புயல் காற்று அடித்து எல்லோருமே மோசமாக ஆடினால், அன்றைக்கு மட்டும் கணக்கே இரங்கி வந்து எல்லோருக்கும் ஒன்றிரண்டு அடி தள்ளிக் கொடுக்கும், அப்படியும் ஒரு விதி இருக்கிறது என்றார். அது உண்மைதான். அதிகபட்சம் மூன்று அடிவரை அந்தத் தள்ளுபடி உண்டு.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்.

“உன் சாரு தண்ணியில போட்ட பந்து எவ்வளவுடா?”

“அது… எரநூறு முந்நூறு இருக்கும்.”

“மூணு பந்து போச்சுன்னா ஆயிரத்துக்குள்ள. வீட்டுக்குப் போயி சோறு துன்னாரா, இல்லியா?”

தம்பியிடம் பதில் இல்லை.

“எங்களுக்கும் எல்லாரும் ஒண்ணா நஷ்டப்பட்டா ஒண்ணு நடக்கும்டா. உப்பு வெல ஏறும். விக்கத்தான் கையில உப்பு இருக்காது. பதினொண்ண ஏழுன்னு எழுத எனக்கு யாரு இருக்கா சொல்லு?”

போனை வைத்த பிறகுதான் அந்தக் கடைசிக் கேள்வி கேடிக்கு உறைத்தது. காலையில் அதிகாரியை நிறுத்தி வைத்தது எந்த விதிப் புத்தகமும் இல்லை. விதி அவருக்கும் தெரியும், ஹேண்டிகேப் அட்டையைப் பத்து வருடமாகப் பர்ஸில் வைத்திருப்பவர். கோபத்தில் அது மறந்துபோயிருந்தது. பக்கத்தில் நின்றவர் ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். அண்ணனுக்குப் பக்கத்தில் அப்போது யாரும் நிற்கவில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி, அளத்துக்கு வருவதில்லை. அவர்களுடைய பையன் ஒரகடத்தில் கார் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

பெரும்பாலான கோல்ஃப் மைதானங்களுக்குத் திங்கட்கிழமை பராமரிப்பு நாள். அன்றைக்குக் கேடிகள் ஆடிக்கொள்ள இவருடைய கிளப்பில் அனுமதி உண்டு. கடன் வாங்கிய மட்டைகளோடு அவர் வாரத்துக்கு ஒருமுறை ஆடும் ஆட்டம் அது. ஆளை விசாரித்தால் சக கேடிகள், “அவரு ஒழுங்கா கார்டு போட்டா ஹேண்டிகேப் ஆறு ஏழு வரும்” என்கிறார்கள். அந்த வாரத் திங்கட்கிழமை அவர் ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமே கோயம்பேட்டில் புதுச்சேரி பஸ் ஏறினார். கிளப்பில் மூன்று நாள் லீவு சொல்லியிருந்தார். மனைவியிடம் காசு கொண்டுபோகவில்லை என்று பாக்கெட்டைக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார். நிஜமாகவே கொண்டுபோகவில்லை.

தம்பியைப் பார்த்ததும் அண்ணன், “எதுக்குடா வந்த?” என்றார்.

“சும்மாதான்.”

மறுநாள் விடிவதற்கு முன்பே இருவரும் அளத்தில் இருந்தார்கள். எத்தனை பாத்தி உடைந்திருக்கிறது என்று நடந்து பார்த்தார்கள். போனில் பேசியபோது எல்லாம் போச்சு என்றிருந்தது. எண்ணிப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல் போயிருந்தது. மேடான பக்கம் இருந்த பாத்திகளில் சேறு படிந்திருந்ததே தவிர, வரப்பு நின்றது. உடைந்ததை இந்த வருடம் அப்படியே விட்டுவிடலாம், இருக்கிறதை மட்டும் எடுக்கலாம் என்று யார் முதலில் சொன்னது என்பதில் இப்போதும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. வியாபாரியிடம் போய்ப் பழைய முன்பணத்துக்குத் தவணை கேட்டது மட்டும் அண்ணன்தான். அவர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. பாதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார்.

பிறகு மிதிப்பு. சேற்றை வழித்துப் போட்டுவிட்டுப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், உப்பும் கறுக்கும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து மிதிப்பார்கள். வருடக்கணக்கில் ஷூ போட்டுப் புல்லில் நடந்த கால் என்பதால், முதல் நாள் மதியத்துக்குள் தம்பியின் குதிகால் வெடித்து எரிய ஆரம்பித்துவிட்டது. அண்ணன் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, “இதுக்கு எத்தன அடி சலுகடா குடுப்பாங்க உங்க கிளப்புல?” என்று கேட்டார். புயலுக்குப் பிறகு அண்ணன் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று அண்ணி சொன்னாராம்.

மூன்றாம் நாள் மாலைக்குள் நான்கு பாத்திகள் தயாராகியிருந்தன. முதல் பாத்தியில் விட்டிருந்த தண்ணீரில் அண்ணன் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“எவ்வளவுண்ணே?”

“அஞ்சு.”

இருபத்தைந்து ஆக வேண்டும். மேற்கே கழுவெளிப் பக்கமாகப் பறவைகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. தம்பி கால்வாய்த் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, எரிச்சலோடு ஷூவை மாட்டினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதிகாரி ஆட வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும்.